லென்ஸுக்குத் தண்ணீர் ஆகாது: வாசகர் கேள்வி-பதில்

கண் பராமரிப்புப் பகுதிக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காண்டாக்ட் லென்ஸைப் பற்றியவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம். பதில் தருபவர்கள் எங்கள் கண் மருத்துவரும், பார்வையை அளக்கும் ஆப்டோமெட்ரிஸ்டும்.

ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். மாத லென்ஸ் போடுகிறேன். லென்ஸை ஊறவைக்கும் சொல்யூஷன் சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் டப்பாவில் இருப்பதைக் கொட்டாமல் அதன் மேலேயே கொஞ்சம் ஊற்றிக்கொள்கிறேன். சொல்யூஷன் சுத்தமாகத் தீர்ந்த நாளில் ஆர்.ஓ. தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து அலசியிருக்கிறேன். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. தொடரலாமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

இரண்டையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஒன்றும் ஆகாதது உங்கள் நல்ல நேரம், அவ்வளவுதான்.

முதலில் தண்ணீர். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கிணறு, நீச்சல் குளம் என்று எதிலும் அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி இருக்கலாம். குடித்தால் வயிற்றை ஒன்றும் செய்யாது. லென்ஸில் ஒட்டிக்கொண்டு கருவிழிக்குப் போனால் கதையே வேறு. சூழ்நிலை ஒத்துவராதபோது இது தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு கிடக்கும். அந்த நிலையில் குளோரின் போட்டாலும் சாகாது. இது கருவிழியில் இறங்கிவிட்டால் வலி தாங்க முடியாது. தொடக்கத்தில் இரவு பகலாக மணிக்கொரு தடவை சொட்டு மருந்து போட வேண்டும், சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரை போகிறது.

ஆர்.ஓ. தண்ணீர் குடிக்க நல்லது. ஆனால் அது கிருமி நீக்கிய தண்ணீர் அல்ல. இயந்திரத்தின் தொட்டி, குழாய், நீங்கள் பிடித்துவைத்த பாட்டில் என்று வழியில் எத்தனையோ இடத்தில் கிருமி சேரும். காய்ச்சினாலும் ஆறவைக்கும் பாத்திரம், அதில் படும் கை எல்லாம் கணக்கில் வரும். இன்னொரு சங்கடமும் உண்டு. கண்ணீரில் உப்பு இருக்கிறது, நல்ல தண்ணீரில் இல்லை. அதனால் தண்ணீர் பட்ட மென்மையான (சாஃப்ட்) லென்ஸ் உப்பி, உருமாறி, கருவிழியோடு இறுக ஒட்டிக்கொள்ளும். ‘அப்படியென்றால் உப்பு கரைத்துக்கொள்ளலாமே’ என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். 1980களில் அமெரிக்காவில் உப்பு மாத்திரையைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வீட்டிலேயே லென்ஸ் நீர் செய்துகொண்டவர்களிடம்தான் அகாந்தமீபா தொற்று வரிசையாகத் தெரியவந்தது. கடையில் ‘சலைன்’ என்று விற்பதும் அலச மட்டும்தான். அதற்குக் கிருமியைக் கொல்லும் சக்தி கிடையாது.

இனி பழைய சொல்யூஷன். ராத்திரி முழுக்க அழுக்கோடும் கிருமியோடும் மல்லுக்கட்டி அதன் மருந்து பெருமளவு செலவாகியிருக்கும். அதன் மேல் புதியதை ஊற்றினால் புதியதும் நீர்த்துப்போகும். 2006-ல் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா என்று பல ஊர்களில் லென்ஸ் போட்டவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று வந்து, ஒரு சொல்யூஷனையே உலகம் முழுக்கச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். அப்போதும் பழைய சொல்யூஷனைத் திரும்பப் பயன்படுத்தும் பழக்கம் ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது.

சரியான முறை இது. சாதாரண சோப்பால் கை கழுவுங்கள். க்ரீம் கலந்த சோப்பு லென்ஸில் எண்ணெய்ப் படலம் விடும். பஞ்சு உதிராத துணியில் கையை ஈரம் போகத் துடையுங்கள். கை ஈரம் இருந்தால் அதுவும் தண்ணீர்தான். எப்போதும் வலது கண்ணில் தொடங்கினால் இடமும் வலமும் மாறாது. லென்ஸை உள்ளங்கையில் வைத்து மூன்று நான்கு சொட்டு சொல்யூஷன் விட்டு, சுட்டு விரலின் சதைப் பகுதியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாகத் தேயுங்கள். ஒரு பக்கத்துக்கு 10 விநாடி. திருப்பிப் போட்டு இன்னொரு 10 விநாடி. நகம் படவே கூடாது. பிறகு சொல்யூஷனைத் தாரையாக விட்டு அலசி, டப்பாவில் புதிதாக நிரப்பி மூழ்கவையுங்கள். பாட்டிலில் எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கும். பெரும்பாலும் 4 முதல் 6 மணி. ‘தேய்க்கத் தேவையில்லை’ என்று அச்சிட்டிருந்தாலும் தேயுங்கள். படிந்த புரதமும் கிருமியும் தேய்த்தால்தான் கழலும், ஊறவைத்தால் மட்டும் போகாது.

காலையில் லென்ஸைப் போட்டதும் டப்பாவைக் கொட்டி, புது சொல்யூஷனால் அலசி, டிஷ்யூ தாளின் மேல் டப்பாவையும் மூடிகளையும் கவிழ்த்துக் காயவிடுங்கள். குளியலறை அலமாரி வேண்டாம், அங்கே எப்போதும் ஈரம். இப்போது உங்கள் டப்பாவின் மூடியைத் திறந்து அதன் மரையில் விரலை ஓட்டிப் பாருங்கள். வழவழ என்று இருந்தால் அது கிணற்றுப் படியில் பாசி படிவதுபோல் கிருமிகள் கட்டிய படலம். சொல்யூஷன் அதற்குள் நுழையாது. டப்பாவைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். வழவழப்பே இல்லாவிட்டாலும் 3 மாதத்துக்கு மேல் ஒரு டப்பா வேண்டாம்.

காசு மிச்சம் பிடிக்க வேறு வழி இருக்கிறது. அறையில் இருக்கும் நேரத்துக்குக் கண்ணாடி போடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் லென்ஸ் தேவை என்றால் தினமும் தூக்கிப்போடும் டெய்லி லென்ஸ் கட்டுப்படியாகும். அதற்கு சொல்யூஷனும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம். மாத லென்ஸில் நாள் கணக்கு பாக்கெட்டைப் பிரித்த நாளிலிருந்து ஓடும். எட்டு நாள்தான் போட்டேன் என்று மூன்று மாதம் நீட்டக்கூடாது.

லென்ஸ் உள்வெளியாகத் திரும்பியிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போட்ட பிறகு உறுத்தினால்தான் தெரிகிறது.
– நாகர்கோவில்

விரல் நுனியில் நிறுத்தி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். கிண்ணம்போல் ஓரம் நேராக மேலே நின்றால் சரி. சாப்பாட்டுத் தட்டுபோல் விளிம்பு வெளியே மடிந்திருந்தால் திரும்பியிருக்கிறது. சில லென்ஸ்களில் 123 என்று பொடியாக எழுதியிருக்கும், அது நேராக வாசிக்க வர வேண்டும்.

கண்ணாடியில் எனக்கு மைனஸ் 6.50. கடையில் கொடுத்த லென்ஸ் பெட்டியில் மைனஸ் 6.00 என்று இருக்கிறது. என் பவர் கடையில் இல்லை என்று இருப்பதைத் தள்ளிவிட்டார்களா?
– வேலூர்

இல்லை, சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கருவிழி மேலேயே உட்காருகிறது. மைனஸ் பவர் கண்ணுக்கு நெருங்க நெருங்கக் கூடுதலாக வேலை செய்யும். அதனால் குறைத்துக் கொடுக்க வேண்டும். மைனஸ் 4.00 வரை வித்தியாசம் மிகச் சிறிது. உங்கள் பவருக்குக் கணக்குப் போட்டால் 6.03 வருகிறது, அதற்கு அடுத்தாற்போல் கிடைப்பது 6.00. பிளஸ் பவர்காரர்களுக்கு இது தலைகீழ், லென்ஸில் கூட்ட வேண்டும்.

இதனால்தான் கண்ணாடிச் சீட்டை வைத்துக்கொண்டு ஆன்லைனில் லென்ஸ் வாங்காதீர்கள் என்கிறோம். லென்ஸ் சீட்டில் பவரோடு வளைவும் விட்டமும் இருக்கும். பி.சி. 8.6, டயா 14.2 என்பதுபோல. வளைவு பொருந்தாவிட்டால் இறுக்கமாக ஒட்டும், இல்லையென்றால் இமைக்கும்போதெல்லாம் வழுக்கும்.

ஓ.எம்.ஆர். சாலையில் ஐ.டி. வேலை, நைட் ஷிஃப்ட். கேப்பில் வரும்போது லென்ஸோடு தூங்கிவிடுகிறேன். எழுந்தால் கண் வறண்டு லென்ஸ் வர மறுக்கிறது. ஒரு நாள் லென்ஸையே காணோம், கண்ணுக்குப் பின்னால் போயிருக்குமோ என்று பயந்துவிட்டேன்.
– சென்னை

பின்னால் போகாது. இமையின் உள்பக்கத் தோல் மடிந்து வெள்ளை விழியோடு பை தைத்ததுபோல் சேர்ந்திருக்கிறது, அதைத் தாண்ட வழியில்லை. பெரும்பாலும் மேல் இமைக்குள் சுருண்டு கிடக்கும். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விட்டு, கீழே பார்த்தபடி மேல் இமையை மூடிய நிலையில் மெதுவாக நீவினால் இறங்கி வரும். வரவில்லை என்றால் தோண்ட வேண்டாம். கண் மருத்துவரிடம் போனால் இமையைத் திருப்பி எடுத்துவிடுவார். பல நேரம் அது கீழே விழுந்து எங்காவது காய்ந்து கிடக்கும் என்பதும் உண்மை.

காய்ந்து ஒட்டிய லென்ஸைக் கிள்ளி இழுத்தால் கருவிழியின் மேல்தோலும் சேர்ந்து உரியும். இரண்டு மூன்று சொட்டு செயற்கைக் கண்ணீர் விட்டு, கண்ணை மூடி ஐந்து நிமிடம் காத்திருங்கள். இமைக்கும்போது லென்ஸ் அசைவது தெரிந்த பிறகு எடுங்கள். அசையாவிட்டால் மறுபடி சொட்டு விட்டுப் பொறுங்கள்.

தூங்குவதைப் பற்றி. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. பிராணவாயுவைக் காற்றிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது. கண்ணை மூடினால் அந்த வழி அடைபட்டு, இமையின் உள்பக்க ரத்தக் குழாய்களிலிருந்து கிடைக்கும் சொற்பத்தில் சமாளிக்கிறது. நடுவில் லென்ஸும் இருந்தால் அதுவும் தடைபட்டுக் கருவிழி வீங்கும். தூக்கத்தில் இமைக்காததால் லென்ஸுக்கு அடியில் கண்ணீர் ஓட்டமும் நின்று, கிருமி அங்கேயே தங்கும். லென்ஸோடு தூங்குபவர்களுக்குக் கருவிழித் தொற்று அபாயம் 6 முதல் 8 மடங்கு அதிகம். சிலிக்கோன் ஹைட்ரோஜெல் என்ற வகை லென்ஸ் காற்றை நன்றாக விடும்தான். ஆனாலும் தொற்று அபாயம் அதனால் போய்விடவில்லை.

உங்கள் வேலைக்கு டெய்லி லென்ஸ்தான் பொருத்தம். ஷிஃப்ட் முடிந்ததும் அலுவலகத்திலேயே கை கழுவித் துடைத்து, லென்ஸைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, கண்ணாடியோடு கேப்பில் ஏறுங்கள். திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்துபோவதால்தான் வறட்சி. 20 நிமிடத்துக்கு ஒரு முறை 6 மீட்டராவது தள்ளியிருக்கும் ஏதாவதொன்றை 20 விநாடி பாருங்கள். அப்போது நாலைந்து தடவை இமையை முழுதாக மூடித் திறங்கள். அரைகுறை இமைப்பில் கருவிழியின் கீழ்ப்பாதி நனையாது. ஏ.சி. காற்று முகத்தில் நேராக அடிக்காத இருக்கையாகக் கேளுங்கள். சொட்டு வாங்கும்போது பதப்படுத்தும் மருந்து கலக்காதது என்று கேட்டு வாங்குங்கள். பல சொட்டுகளில் கலக்கும் பென்ஸால்கோனியம் குளோரைடை மென்மையான லென்ஸ் உறிஞ்சிவைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கண்ணில் கசியவிடும்.

என் தங்கைக்குக் கல்யாணம். பார்லரில் ரிசப்ஷனுக்குக் கலர் லென்ஸ் போடுகிறோம் என்கிறார்கள். அவளுக்குப் பவர் கிடையாது. அவர்களிடம் இருக்கும் லென்ஸையே கழுவிப் போடுவார்களாம். மையும் தீட்டலாமா?
– மதுரை

இன்னொருவர் கண்ணில் இருந்த லென்ஸ் வேண்டவே வேண்டாம். எத்தனை முறை கழுவியிருந்தாலும் வேண்டாம் என்று தங்கையிடம் உறுதியாகச் சொல்லுங்கள். பவர் இல்லாத லென்ஸும் லென்ஸ்தான், அதற்கும் கருவிழியின் வளைவை அளந்து பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது கண் பரிசோதனைக்கு அழைத்துப்போய், டெய்லி வகை கலர் லென்ஸாகவே வாங்கி, ஒரு நாள் மூன்று நான்கு மணி நேரம் போட்டுப் பழகச் சொல்லுங்கள். போடவும் எடுக்கவும் அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். மண்டபத்தில் கண் எரியும்போது பார்லர் பெண் பக்கத்தில் இருக்க மாட்டார்.

தலைக்கு ஸ்ப்ரே அடிப்பதெல்லாம் முடிந்த பிறகு, கை கழுவி லென்ஸைப் போட்டு, அதற்குப் பிறகு பவுடர், ஐ லைனர். கலைக்கும்போது லென்ஸ் முதலில் வெளியே, மேக்கப் பிறகு. மையை இமை முடிக்கு வெளியே தீட்டட்டும். உள்விளிம்பில் தீட்டினால் அங்கே வரிசையாக இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் அடைபடும். கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காப்பது அந்த எண்ணெய்தான். மையின் துகள் லென்ஸில் ஒட்டினால் நாள் முழுக்க மங்கலாகவும் தெரியும். சுர்மா எந்த ரூபத்திலும் வேண்டாம், பல சுர்மாக்களில் ஈயம் இருக்கிறது.

ரிசப்ஷனுக்குப் போடலாம், முகூர்த்தத்துக்கு வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். விடிகாலை எழுந்த கண், ஹோமப் புகை, அழுகை எல்லாம் சேர்ந்தால் சிவந்துவிடும். கலர் லென்ஸில் நடுவே ஒரு வட்டம்தான் தெளிவாக இருக்கும். வெளிச்சம் குறைந்த இடத்தில் கண்பாவை அதைவிடப் பெரிதாக விரிந்தால் ஓரமெல்லாம் மூட்டமாகத் தெரியும். அதைப் போட்டுக்கொண்டு இரவில் வண்டி ஓட்டக்கூடாது. எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் கழற்றிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

மிளகாய் நறுக்கிவிட்டு இரண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவியும் லென்ஸ் எடுக்கும்போது எரிந்து துடித்துவிட்டேன். என்ன செய்வது?
– இல்லத்தரசி, கோவை

மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். சமையல் எண்ணெயை விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டு, அதன் பிறகு இரண்டு முறை சோப்பு போடுங்கள். அதைவிட எளிது, அன்றைக்குக் கண்ணாடியோடு சமைப்பது. காரம் ஏறிய லென்ஸை அலசித் திரும்பப் போடாதீர்கள், எறிந்துவிடுங்கள்.

லென்ஸ் வெளியே வந்த பிறகு கண்ணைத் தண்ணீரால் கழுவலாம். இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு, ஆசிட், பினாயில் கண்ணில் தெறித்தால் மட்டும் லென்ஸுக்குத் தண்ணீர் ஆகாது என்ற விதியை மறந்துவிடுங்கள். அந்த நொடியே குழாயடியில் தலையைச் சாய்த்து, இமைகளை விரித்துப் பிடித்து, 20 நிமிடமாவது தண்ணீர் ஓடவிடுங்கள். லென்ஸ் தானாக வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் கழுவும்போதே எடுக்கப் பாருங்கள், அதற்காகக் கழுவுவதை நிறுத்த வேண்டாம். சுண்ணாம்பு கண்ணுக்குள் ஆழமாக இறங்கிக்கொண்டே போகும். வெற்றிலைப் பெட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வயது 46. இருபது வருடமாக லென்ஸ். இப்போது மொபைல் எழுத்து தெரியவில்லை.
– சேலம்

வெள்ளெழுத்து. லென்ஸின் மேல் வாசிப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வது எளிய வழி. மல்டிஃபோகல் லென்ஸும் இருக்கிறது. ஒரு கண்ணுக்குத் தூரம், ஒரு கண்ணுக்குக் கிட்டம் என்று கொடுப்பதும் உண்டு, அதில் தூரத்தைக் கணிக்கும் திறன் கொஞ்சம் குறையும். நீங்கள் இரவில் நிறைய வண்டி ஓட்டுபவர் என்றால் முதல் வழியே மேல்.

கதிர் அடிக்கும்போது அப்பாவின் கண்ணில் நெல் சுணை பட்டது. மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாள் சிவப்பு குறைந்து, இப்போது முன்னைவிட வலி. கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறது.
– திருவாரூர்

இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்கக்கூடாது என்று இவருக்கு உடனே பதில் எழுதிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே சொல்கிறோம். நெல், கரும்புத் தோகை, மாட்டு வால் என்று எது கண்ணில் பட்டாலும் பூஞ்சை இறங்கலாம். நம் ஊர்ப் பக்கம் கருவிழிப் புண்ணில் பூஞ்சைக்குப் பெரிய பங்கு உண்டு. மருந்துச் சீட்டு இல்லாமல் சிவப்புக்குக் கொடுக்கும் சொட்டில் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்குவதால் கண் வெளுத்து, குணமானதுபோல் தெரியும். உடம்பின் எதிர்ப்பும் அதோடு அடங்கிவிடுவதால் பூஞ்சை தடையில்லாமல் வளரும். நாள்பட்டுப் போட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரும்.

கண் மருத்துவர் புண்ணிலிருந்து துளி சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து எந்தக் கிருமி என்று சொல்வார். பூஞ்சை என்றால் 5 சதவீத நாடாமைசின் சொட்டுதான் முதல் மருந்து. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பங்கேற்று 2013-ல் வெளிவந்த ஆய்வில், அதைவிடப் புதிய வோரிகோனசோல் சொட்டைக் காட்டிலும் இது நன்றாக வேலை செய்தது, குறிப்பாக ஃப்யூசேரியம் வகைப் பூஞ்சையில். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் கண் பிரிவு இருக்கிறது. தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, நாக்கால் தூசி எடுப்பது எதுவும் வேண்டாம். வாயில் இருக்கும் கிருமி புண்ணுக்குள் போகும்.

வகுப்பில் எல்லோருக்கும் மெட்ராஸ் ஐ. லென்ஸ் போட்டிருக்கும் எனக்கும் ஒரு கண் சிவந்திருக்கிறது. அதுதானா?
– புதுச்சேரி

இருக்கலாம், ஆனால் நீங்களே முடிவு செய்யாதீர்கள். மெட்ராஸ் ஐயில் அரிப்பு, உறுத்தல், நீர் வடிதல், காலையில் இமை ஒட்டும் அளவுக்குப் பூளை, ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்குப் பரவுதல் என்று போகும். லென்ஸ் போடுபவருக்குக் கண் சிவந்து, குத்தும் வலி இருந்து, வெளிச்சம் பார்க்கக் கூசி, பார்வையும் மங்கினால் அது கருவிழித் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா ஓரிரு நாளில் கருவிழியைக் கரைத்துவிடக்கூடியது. லென்ஸை இப்போதே கழற்றுங்கள், இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். லென்ஸ், டப்பா, சொல்யூஷன் பாட்டில் மூன்றையும் கழுவாமல் அப்படியே எடுத்துப்போங்கள், அதிலிருந்தே கிருமியைக் கண்டுபிடிக்க முடியும்.

மெட்ராஸ் ஐ என்றே தெரிந்தாலும் சிவப்பும் பூளையும் முழுக்கப் போய், மருத்துவர் சொல்லும்வரை கண்ணாடிதான். பழைய லென்ஸும் டப்பாவும் குப்பைக்கு. பார்த்தால் ஒட்டாது. கையிலும் துண்டிலும் தலையணை உறையிலும்தான் பரவுகிறது.

குடும்பத்தோடு குற்றாலம் போகிறோம். அருவியில் குளிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டால் லென்ஸோடு போகலாமா?
– ஈரோடு

வேண்டாம். அருவியின் வேகத்தில் கண்ணை முழுதாக மூடிவைக்க முடியாது, மேலிருந்து மண்ணும் இலையும் கலந்துதான் தண்ணீர் விழுகிறது. அறையிலிருந்தே கண்ணாடியோடு கிளம்புங்கள். பாறையில் வழுக்கும் என்பதால் ஒரு கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டி, அருவிக்குக் கீழே போகும்போது மட்டும் கழற்றி வீட்டாரிடம் கொடுங்கள். குளித்து, தலை துவட்டி, கண் எரிச்சல் எதுவும் இல்லை என்றால், உலர்ந்த கையால் புது ஜோடி டெய்லி லென்ஸைப் போட்டுக்கொள்ளலாம்.